அந்தக் குடியானவன் யாரு?

ஆல்ஜெர்னான் பிளாக்வுட் எழுதிய ‘தி வில்லோஸ்’ பேய்க்கதை என்று பெயர் வாங்கியது. ஆனால் பேய் அதில் முகம் காட்டுவதே இல்லை. இரண்டு நண்பர்கள் ஒரு கேனோவில் டான்யூப் நதியில் இறங்கிப் போகிறார்கள். வியன்னா தாண்டி, அன்று பிரெஸ்பர்க் என்று அழைக்கப்பட்ட பிராட்டிஸ்லாவாவும் தாண்டி, புடாபெஸ்ட்டுக்கு வெகுதூரம் முன்னால், நதி பல கிளைகளாகப் பிரிந்து அகன்று கிடக்கிற இடம். ஜூலை மாத வெள்ளம். ஆள் கிடையாது, ஊர் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வில்லோ புதர்தான். ஒரு ஏக்கருக்கும் குறைவான மணல் திட்டில் கூடாரம் அடிக்கிறார்கள். இரண்டு ராத்திரி அங்கே கழிகிறது. அந்த இரண்டு ராத்திரிதான் கதை.

1907-இல் வெளிவந்த இந்தக் கதையை, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அமானுஷ்யக் கதைகளிலேயே தலைசிறந்தது என்று எச்.பி. லவ்கிராஃப்ட் நினைத்தார். திகில் கதைகளில் அவரே ஒரு பெரிய கை என்பதால் அந்தப் பாராட்டு இன்றுவரை கதையோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. பிளாக்வுட் ஊர் சுற்றாமல் உட்கார்ந்து எழுதியவரும் அல்ல. 1869-இல் பிறந்தவர், இளம் வயதில் கனடாவுக்குப் போய் பால் பண்ணை வைத்துப் பணத்தை இழந்தவர், நியூயார்க்கில் பத்திரிகை நிருபராகப் பசியோடு திரிந்தவர். 1900-இல் நண்பர் வில்ஃபிரிட் வில்சனோடு நிஜமாகவே டான்யூபில் கேனோ ஓட்டிப் போனார். அந்தப் பயணத்தைப் பற்றி அடுத்த வருடம் ‘மாக்மில்லன்ஸ்’ பத்திரிகையில் கட்டுரையும் எழுதினார். அதனால்தான் கதையில் தண்ணீரும் காற்றும் மணலும் அவ்வளவு துல்லியமாக இருக்கின்றன. பேய் வருவதற்கு முன்பே நமக்குக் குளிர ஆரம்பித்துவிடும்.

இந்தக் கதையை எங்கள் வாசிப்பு வட்டத்துக்குக் கொண்டுபோனவள் நான். அதில் எனக்கு ஒரு உள்நோக்கம் இருந்தது. கல்லூரி நாள்களிலிருந்து என்னைப் பிடித்து ஆட்டுகிற கதை அது. நான் பயந்த மாதிரி இன்னும் நாலு பேர் பயப்படுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

வட்டம் என்றால் பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. கொள்ளிடக்கரை ஊர் ஒன்றில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வீட்டு மொட்டைமாடியில், மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் கூடுவோம். ஐயா வீட்டு டீ சுமார்தான். மசால்வடை நன்றாக இருக்கும். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவர், கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு மூன்று பேர், பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிற நான். கல்லூரிப் பெண் ஒருத்தி தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவாள். அந்த அக்கா படுகையில் மல்லியும் கத்திரியும் போடுகிறவர். புத்தகம் வாசிப்பதில்லை, கேட்பார். கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவது என் பொறுப்பு. கதை நீளம் என்பதால் பாதியில் நிறுத்தி மறுமாதம் முடித்தேன். ஐப்பசி பிறந்திருந்தது, மழை எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும் என்று வானம் கறுத்து நின்றது. பேய்க்கதைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று எனக்குள் ஒரே குஷி.

நான் நினைத்த இடத்தில் யாரும் பயப்படவில்லை.

முதல் ராத்திரிக்கு முன்னால், ஆற்றில் கறுப்பாக ஏதோ உருண்டு உருண்டு போகிறது. பிணம் என்று இருவரும் பதறுகிறார்கள். பார்த்தால் நீர்நாய். அதன் கண் மஞ்சளாக மின்னுகிறது. இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி நான் சொல்லிக்கொண்டிருக்க, அக்கா பக்கத்திலிருந்த நர்ஸம்மாவிடம், “நீர்நாயா? வலையைக் கடிச்சுப் போடும், சனியன்” என்றார். கொள்ளிடத்தில் முதலையே இருக்கிறது. முதலைமேடு என்று ஒரு திட்டுக்கே பெயர். இந்த ஊர்க்காரர்களை நீர்நாயை வைத்து மிரட்டப் பார்த்தது என் பேராசை.

லஸ்கர் பெரியவர் வேறு மாதிரி. வேலையில் இருந்தவரை மதகு ஷட்டரை ஏற்றுவது, இறக்குவது, வெள்ளக் காலத்தில் ராத்திரி முழுக்க டார்ச்சோடு கரையில் நடப்பது என்று வாழ்ந்தவர். அவருக்குக் கதை ஒரு கேஸ் கட்டு. ஒவ்வொன்றாக எடுத்து விசாரித்தார்.

“தண்ணி ஏறுதுன்னு தெரியுது. திட்டு கரையுதுன்னும் தெரியுது. வந்து எறங்குனதும் ஒரு குச்சி நட்டு அடையாளம் வெக்க வேணாமா? எத்தன வெரக்கட ஏறியிருக்குன்னு தெரியாம ஒருத்தன் எப்படித் தூங்குவான்?”

கதையில் அவர்கள் தூங்குகிறார்கள் என்பதல்ல, எழுந்து பார்க்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை என்றேன். ராத்திரியில் கதை சொல்கிறவன் வெளியே வருகிறான். வில்லோக்களின் உச்சியிலிருந்து பெரிய பெரிய உருவங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தூண் மாதிரி வானத்துக்கு எழும்பிப் போகின்றன. கூடாரத்தின் மேல் சின்னச் சின்னதாக எதுவோ தத்துகிற சத்தம். விடிந்தால் புதர்கள் நேற்றைவிடக் கிட்டத்தில் நிற்கின்றன. ஒரு துடுப்பைக் காணோம். மிச்சமிருப்பதை யாரோ சுரண்டி மெலிதாக்கி வைத்திருக்கிறார்கள். படகின் அடிப்பலகையில் கிழிசல். மணலில் புனல் வடிவத்தில் குழிகள். சின்னதும் பெரிசுமாக, திட்டு முழுக்க.

“குழியா? எப்படி, சொல்லுங்க டீச்சரம்மா” என்று பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் கையால் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். ஆற்றில் தண்ணீர் ஏறி நிற்கும்போது அதன் அழுத்தம் கரைக்கு அடியில் புகுந்து, வயல் பக்கம் மணலோடு கொதித்துக்கொண்டு வெளியே வரும். நடுவில் குழி, சுற்றிலும் மணல் வட்டம், புனலை வைத்து அழுத்திய மாதிரி. கரைக்காவல் போகிறவன் முதலில் தேடுவதே அதைத்தானாம். கண்டால் உடனே வாயை அடைத்துவிடக் கூடாது. அடைத்தால் பக்கத்தில் பிய்த்துக்கொள்ளும். சுற்றிலும் மண்மூட்டையைக் கிணற்றுக் கட்டு மாதிரி அடுக்கி, உள்ளே தண்ணீரை நிற்கவிட வேண்டும். நிற்கிற தண்ணீரின் எடை கொதிப்பைத் தணிக்கும். தெளிந்த தண்ணீர் வந்தால் பயமில்லை. கலங்கல் வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். ஊருக்கு ஆள் அனுப்ப வேண்டும். இவ்வளவையும் அவர் வடைத் தட்டையும் டம்ளர்களையும் வைத்துச் செய்து காட்டினார். பிள்ளைகள் போனை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பிளாக்வுட்டுக்கு அன்று கிடைக்காத கவனம் அது.

“திட்டுல அப்படி வருமான்னா, எனக்குத் தெரியல” என்று அவரே முடித்தார். “ஆனா அந்த மணி அடிக்கிற மாதிரி சத்தம் சொன்னீங்களே, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல.” கதையில் திட்டைச் சுற்றி, எங்கிருந்து என்று பிடிபடாமல், கண்டாமணியின் ரீங்காரம் போல ஒரு ஒலி வந்துகொண்டே இருக்கும். பெரியவர் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிட்டது எனக்குப் பிடித்திருந்தது. பேய்க்கதைக்கு விளக்கம் சொல்கிறவர்கள் பொதுவாக அங்கே நிறுத்துவதில்லை.

கல்லூரித் தம்பிக்கு ஒரே ஏமாற்றம். “மேடம், ஃபிளாஷ்பேக் எப்ப வரும்?” என்று இரண்டு தடவை கேட்டான். அந்தத் திட்டில் யாரைக் கொன்றார்கள், யாரைப் புதைத்தார்கள், அது ஏன் இவர்களைப் பழிவாங்க வேண்டும்? ஒன்றும் கிடையாது என்றதும் அவன் முகம் தொங்கிவிட்டது. கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாகப் பட்டாலும் யோசிக்க வைத்தது. ‘முனி’யிலிருந்து ‘காஞ்சனா’, ‘அரண்மனை’ வரை நம் சினிமாப் பேய் எல்லாவற்றுக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. சினிமாவை விடுங்கள்; ஊரில் சொல்கிற பேய்க்கும் பெயர் உண்டு, தெரு உண்டு, நாண்டுகொண்ட புளியமரம் உண்டு, தீராத ஆசை ஒன்று உண்டு. அதனால் பேச்சுவார்த்தைக்கு இடம் இருக்கிறது. கேட்டதைப் படைத்தால் போய்விடும். பிளாக்வுட் வேண்டுமென்றே அந்தக் கதவைச் சாத்துகிறார். கூட வந்த ஸ்வீடன்காரன் சொல்கிறான்: இவை செத்தவர்களின் ஆவி அல்ல, பழைய தெய்வங்களும் அல்ல, தெய்வமாக இருந்தால் மனிதனோடு ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கும், பூஜையோ பலியோ எதிர்பார்க்கும், இவற்றுக்கும் மனித குலத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாம் தெரியாமல் அதன் எல்லைக்குள் கால் வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

தமிழாசிரியர் ஐயா இதற்காகத்தான் காத்திருந்தார். நீர்த்துறையில் உறையும் அணங்கு, மலையில் உறையும் சூர் என்று சங்கப் பாடல்களில் இருப்பதும் இடத்தைச் சேர்ந்த அச்சம்தான், ஆளைச் சேர்ந்தது அல்ல என்று ஆரம்பித்தார். நல்ல கருத்து. அரை மணி நேரத்துக்கான கருத்து அல்ல.

நடுவில் பெரியவர் ஒரு கேள்வி கேட்டார். டெல்டாக்காரர் ஒருவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி: “அந்த ஆத்துல இப்ப தண்ணி வருதா?”

வரலாறு நடத்துகிறவள் என்பதால் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. வருகிறது, ஆனால் பெரும்பகுதி பழைய வழியில் வருவதில்லை. 1977-இல் செக்கோஸ்லோவாக்கியாவும் ஹங்கேரியும் டான்யூபில் சேர்ந்து அணை கட்ட ஒப்பந்தம் போட்டன. 1989-இல் ஹங்கேரி, சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி வேலையை நிறுத்தியது. மறுதரப்பு விடவில்லை. 1992 அக்டோபரில், பிராட்டிஸ்லாவாவுக்குச் சற்றுக் கீழே நதியைத் திருப்பி, காப்சிகோவோ மின்நிலையத்துக்குப் போகிற கால்வாயில் தண்ணீரை விட்டது. ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் கால்வாய்க்குப் போனது. ஹங்கேரி பக்கம் கிளை ஆறுகள் வற்றின, நிலத்தடி நீர் இறங்கியது. கதையின் இரண்டு பேர் கேனோ ஓட்டியது நதியின் அந்தப் பகுதியில்தான். வழக்கு ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய், 1997-இல் தீர்ப்பு வந்தது: இரண்டு பேர் மேலும் தப்பு, உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று.

மாடி உயிர் பெற்றுவிட்டது. காவிரி நடுவர் மன்றம் 1990, இறுதித் தீர்ப்பு 2007, உச்ச நீதிமன்றம் 2018, நமக்கு 177.25 டி.எம்.சி. என்று ஆளாளுக்கு எடுத்துவிட்டார்கள். மேட்டூரில் இப்போது எத்தனை அடி என்று தம்பி போனில் தேடினான். ஸ்வீடன்காரனும் அவன் நண்பனும் அந்தத் திட்டிலேயே அம்போவென்று கிடந்தார்கள். வெளியூர்ப் பேய், உள்ளூர்த் தண்ணீர் என்று வந்தால் எது ஜெயிக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இருட்டியதும் கதையை எடுத்து முடித்தேன். இரண்டாவது ராத்திரி. ரொட்டியைக் காணோம் என்று ஸ்வீடன்காரன் மிரள, இன்னொருவன் பிரெஸ்பர்க் கடையிலேயே அதை மறந்து வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்து பேய்ச்சிரிப்பு சிரிக்கிறான். (நர்ஸம்மாவுக்குக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான், பயந்தவர்களின் சிரிப்பை அவர் வார்டில் நிறையக் கேட்டிருக்கிறார்.) அவற்றைப் பற்றி நினைக்காதே, நினைத்தால் நம்மைக் கண்டுபிடித்துவிடும் என்கிறான் ஸ்வீடன்காரன். நமக்குப் பதிலாக வேறொரு பலி கிடைத்தால் நாம் பிழைக்கலாம் என்கிறான். பிறகு அவனே தண்ணீரை நோக்கி ஓடுகிறான். நண்பன் கட்டிப்பிடித்துக் கூடாரத்துக்குள் இழுத்துப் போடுகிறான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் மாறுகிறது. அதற்கு ஒரு பலி கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு அப்படியே தூங்கிப்போகிறான். ரீங்காரமும் நின்றுபோகிறது. விடிந்ததும் பார்த்தால், கரையோர வேர்களில் ஒரு குடியானவனின் பிணம் சிக்கியிருக்கிறது. தொட்டதும் அதிலிருந்து அந்த ரீங்காரம் எழும்பிப் போகிறது. பிணத்தின் தோலில் அதே புனல் குழிகள். வெள்ளம் பிணத்தை இழுத்துக்கொண்டு போகிறது. கதை முடிந்தது.

பெரியவர் தலையை ஆட்டினார். உடைப்பு அடைபடாவிட்டால் கிடா வெட்டுவதுண்டு என்றார். ஏரிக்கரை நிற்க வேண்டும் என்று பெண்ணைக் காவு கொடுத்த கதை ஒன்றல்ல, பல ஊர்களில் இருக்கிறது. இந்த இடத்தில்தான் பிளாக்வுட்டின் பேய் நம் ஊர்ப் பேயோடு உறவு கொண்டாட வருகிறது என்று நான் பேச வாயெடுத்தேன்.

“அந்தக் குடியானவன் யாரு டீச்சர்?” என்றார் படுகை அக்கா.

கதையில் சொல்லவில்லை என்றேன்.

“மொத நாளு சாயங்காலம் ஒருத்தன் படகுல வந்தானே. கையக் கையக் காட்டிக் கத்துனான், குருசு போட்டான்னு சொன்னீங்களே. அவனா?”

அப்படி ஒருவன் வருகிறான்தான். நீர்நாயைப் பார்த்த கொஞ்ச நேரத்தில், தட்டையான படகு ஒன்றில் நீளத் துடுப்பைப் பிடித்தபடி ஒருவன் வெள்ளத்தோடு அடித்துக்கொண்டு போகிறான். இவர்களைப் பார்த்துக் கை காட்டுகிறான், கத்துகிறான். காற்றில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. சிலுவைக்குறி போட்டுக்கொண்டே மறைந்துபோகிறான். இந்த ஹங்கேரிக்காரர்கள் கண்டதையும் நம்புகிறவர்கள் என்று ஸ்வீடன்காரன் சொல்கிறான். நான் அந்தக் கதையை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். படகில் போனவனையும் வேரில் சிக்கியவனையும் சேர்த்து யோசித்ததே இல்லை. இருவரும் ஒருவரே என்று பிளாக்வுட் எங்கும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

“அவனாத்தான் இருக்கும்” என்றார் பெரியவர். “அந்த வெள்ளத்துல வேலவெட்டி இல்லாம எவன் படகெடுப்பான்? எச்சரிக்கத்தான் வந்திருப்பான். திரும்பிப் போக முடியல.”

“எச்சரிச்சா மட்டும்?” என்று சிரித்தார் அக்கா. “நம்மளுக்கும்தான் வி.ஏ.ஓ. ஆட்டோவுல மைக் கட்டிச் சொல்றாரு, கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கன்னு. கேட்டோமா? மாட்ட வுட்டுட்டு எங்க போறது?” 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் தண்ணீர் புரண்டு வந்தபோது, முக்கொம்பில் ஷட்டர்களே பெயர்ந்து போனதே, அந்த வெள்ளத்தில் அவருடைய மல்லித் தோட்டம் முழுகிக் கிடந்தது. அவரைக் கூட்டிப்போக வந்த படகில் ஆட்டை ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போதுதான் அன்று முதல் தடவையாக மாடியில் யாருக்கோ பயம் வந்ததை நான் பார்த்தேன்.

கதையின் மேல் எனக்கு இருந்த பிரமிப்பு குறையவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ‘தி வில்லோஸ்’ கதையில் இருக்கிற பயம் அவ்வளவும் வழிப்போக்கனின் பயம். காற்றடிக்கிற ஒரு சாயங்காலம் வந்து இறங்கி, மூன்றாம் நாள் காலையில் கிளம்பிவிடப் போகிறவனுடையது. அந்த நதியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு என்ன பயம் இருந்தது, அதோடு அவன் எப்படிக் குடித்தனம் நடத்தினான் என்பதற்குக் கதையில் ஒரு சிலுவைக்குறிதான் இடம். அவன் பெயர் யாருக்கும் வேண்டாம். அவன் செத்ததால் இவர்கள் பிழைத்தார்கள். ஸ்வீடன்காரன் குழந்தை மாதிரி தூங்கினான். கதையைப் புகழ்ந்தவர்களில் நான் படித்த யாரும் அந்தத் தூக்கத்தைப் பற்றி எழுதவில்லை. நானும் அங்கே நின்றதில்லை. ஏன் நின்றதில்லை என்று அக்கா கேட்ட மறுகணமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தூக்கம் எனக்குப் பழக்கமான தூக்கம்.

வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை அன்று மாடியில் சொன்னேன்.

நான் பிறந்த ஊர் ஒரு சின்ன ஆற்றின் தென்கரையில் இருக்கிறது. ஆற்றின் பெயர் வேண்டாம். எதிர்க்கரை ஊரோடு எங்களுக்கு இன்றும் பெண் கொடுத்து எடுக்கிற பழக்கம் உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு கார்த்திகையில், புயல் மழை விடாமல் கொட்டி ஆறு கரை விளிம்பு வரை வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு ஆள் கரைக்காவல். பெட்ரோமாக்ஸ் விளக்குகள், சாக்கு மூட்டைகள், சவுக்குக் கட்டைகள். பெண்கள் குண்டானில் டீ போட்டுக் கொண்டுபோவோம். அந்தக் கரையிலும் அதே மாதிரி விளக்குகள் நகர்வது தெரியும். ஆறு குறுகல்தான், அவர்கள் சத்தம் போட்டுப் பேசுவது எங்களுக்குக் கேட்கும், எங்கள் பேச்சு அவர்களுக்கும் கேட்டிருக்கும். ஒரு கரை உடைந்தால் மறு கரை பிழைக்கும். இது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கரைக்காவல் என்பதில் பாதி தண்ணீரிடமிருந்து. மீதி, இருட்டில் மண்வெட்டியோடு யாரும் வந்துவிடாமல்.

அப்பா தண்ணீரோரத்தில் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, கரிக்கோடு போட்டிருந்தார். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கோடு முழுகியது. அப்பா மேலே இன்னொரு கோடு போட்டார். அதுவும் முழுகியது. ராத்திரி எத்தனை மணி இருக்கும் என்று தெரியாது. எதிர்க்கரையில் விளக்குகள் ஒரே பக்கமாக ஓட ஆரம்பித்தன. ஒரு கூச்சல். பிறகு மண் சரிகிற சத்தம், அதன் பின்னால் தண்ணீர் விழுகிற இரைச்சல். எங்கள் கரையில் ஒருவரும் பேசவில்லை. எல்லாரும் என் குச்சியைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில், குச்சியில் தண்ணீருக்கு மேலே ஈரமாக ஒரு விரற்கடை தெரிந்தது. அப்புறம் இரண்டு. கரிக்கோடு வெளியே வந்தது. “எறங்குதுப்பா!” என்று நான் கத்தினேன், கையைத் தட்டினேன். என்னைத் தொடர்ந்து கரை முழுக்கக் குலவை. பாட்டி அரசமரத்து முனிக்குச் சூடம் ஏற்றினாள். வீட்டுக்கு வந்து படுத்ததும் தூங்கிவிட்டேன். அப்படி ஒரு தூக்கம் அதற்குப் பிறகு எனக்கு வாய்த்ததில்லை.

பேய்க்கதை கேட்கிற கூட்டம் ஒன்றும் பேசாமல் இருந்தால் சொல்கிறவருக்குப் பெருமையாக இருக்கும். எனக்கு இருக்கவில்லை. பெரியவர்தான் பேசினார். இரு கரையிலும் வேலை பார்த்தவர் அவர். எல்லாக் கரையிலும் கைதட்டத்தான் செய்கிறார்கள் என்றார். தட்டாத ஊரை அவர் பார்த்ததில்லையாம். நர்ஸம்மாவும் ஒன்று சொன்னார்: வார்டில் ராத்திரி ஒரு கட்டில் காலியானால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் மறுநாள் நன்றாகச் சாப்பிடுவாராம். ஃபிளாஷ்பேக் கேட்ட தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்கா கேட்டார்: “அந்தப் பக்கம் எத்தன பேரு போனாங்க?”

எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை. அந்த ஊருக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், காது குத்துக்குப் போயிருக்கிறேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்போதுகூடக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன். வயதாகிவிட்டது, காது மந்தம். இரண்டு தடவை கத்திச் சொன்ன பிறகு புரிந்துகொண்டார். ஒரு கிழவர், தூங்கிக்கொண்டிருந்தவர். மாடுகள் நிறைய என்றார். கிழவரின் பெயரையும், இன்னார் வீட்டுக்கு இன்ன முறை என்பதையும் உடனே சொன்னார். எனக்கு அது தெரிந்த வீடு. அந்தப் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டேன்; இங்கே எழுதப் போவதில்லை.

நான் கைதட்டியது அவருக்கு ஞாபகம் இல்லை. குச்சிகூட ஞாபகம் இல்லை. அவருக்கு ஞாபகம் இருந்தது வேறு. தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் நம் தெருவில் வீட்டுக்கு இவ்வளவு அரிசி என்று சேர்த்து, புளிச்சோறு கிண்டி, பரிசலில் ஏற்றிக்கொண்டு இவரும் இன்னும் சிலரும் எதிர்க்கரைக்குப் போனார்களாம். பள்ளிக்கூடத்து மாடியில் ஊரே உட்கார்ந்திருந்ததாம். ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார்களாம். இதை நீ ஏன் என்னிடம் சொன்னதே இல்லை என்று கேட்டேன்.

“சொல்றதுக்கு என்ன இருக்கு?” என்றார் அப்பா. “ரெண்டு அண்டா குடுத்தோம், நம்ம வீட்டுது ஒண்ணு, உங்க பெரியப்பா வீட்டுது ஒண்ணு. இன்னிவரைக்கும் திருப்பித் தரல அவனுங்க.”